பழுது எங்கே? ஸ்டீம் மென்பொருளைப் பேணும் முறை



பள்ளி விடுமுறைக் காலம். மாலை மணி ஆறு. வீட்டுப் பிள்ளை கணினியின் முன் அமர்ந்து விளையாட்டு ஒன்றைத் திறக்கிறான். அது திறக்கவில்லை. புதுப்பிப்பு பாதியில் நின்றுவிட்டது என்று திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் தெரிகிறது. ஒரு முறை அழுத்துகிறான், மறுமுறையும் அழுத்துகிறான், பிறகு நம்மைக் கூப்பிடுகிறான். நாமும் போய்ப் பார்க்கிறோம். நமக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உடனே நம் வாயிலிருந்து வரும் சொல் என்ன? "எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடு" என்பதுதான்.

இந்தச் சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். குற்றம் எங்களுடையதுதான், ஆகவே சொல்வதில் தயக்கமில்லை.

எங்கள் மகளும் அவள் தம்பியும் ஒரே கணினியில் ஒரு பண்ணை விளையாட்டை விளையாடி வந்தார்கள். நிலம் திருத்தி, பயிரிட்டு, மாடு கன்று வாங்கி, இரண்டு ஆண்டுகளில் ஒரு சிறிய கிராமத்தையே உண்டாக்கியிருந்தார்கள். பிறகு மகள் மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றாள். தம்பி மட்டும் அந்தக் கிராமத்தைக் கவனித்துவந்தான். ஒரு மாலை வேளையில் அந்த விளையாட்டு திறக்கவில்லை. நாங்கள் அவசரப்பட்டு மென்பொருளை நீக்கினோம். அதோடு விடவில்லை. துப்புரவு செய்கிறோம் என்று எண்ணி, கணினியில் மீதமிருந்த கோப்புறைகளையும் அழித்தோம். அன்றிரவே விளையாட்டு திரும்ப வந்துவிட்டது. ஆனால் கிராமம் வரவில்லை. வெறும் நிலந்தான் இருந்தது. அந்த வார இறுதியில் மகள் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நம்ம மாட்டுக் கொட்டகை எப்படியிருக்கு?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் தொலைபேசியை எங்களிடம் நீட்டினான்.

பிறகு ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது: வன்தட்டில் இடமில்லை. பழுது அவ்வளவுதான். பழைய காணொளிகள் சிலவற்றை நீக்கியிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

நேயர்களே, ஸ்டீம் என்பது என்ன என்று அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். அது கணினி விளையாட்டுகளை விற்று, இணையத்தின் வழி வீட்டுக்கு அனுப்பி, அவ்வப்போது புதுப்பித்தும் கொடுக்கும் மென்பொருள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதை வெளியிட்டது. தன் சொந்த விளையாட்டுகளுக்குத் திருத்தங்களைத் தானாகவே அனுப்பிவைப்பதுதான் அதன் தொடக்க நோக்கம். 2004ஆம் ஆண்டு நவம்பரில் ஹாஃப் லைஃப் 2 என்ற விளையாட்டு வெளிவந்தபோது, கடையில் தட்டு வாங்கியவர்களும் ஸ்டீமில் பதிவு செய்துகொண்டால்தான் விளையாட முடியும் என்றானது. அப்பொழுது பலர் முணுமுணுத்தார்கள். 2005ஆம் ஆண்டிலிருந்து பிற நிறுவனங்களின் விளையாட்டுகளும் அதில் விற்பனைக்கு வந்தன. இன்று நம் பிள்ளைகளில் பலர் விளையாட்டுத் தட்டு ஒன்றைக் கையில் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

தோட்டங்களில் இருந்த கிராணியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யார் பெயர் பதிவில் இருக்கிறது, யாருக்கு என்ன சேர வேண்டும் என்பதெல்லாம் அவருடைய புத்தகத்தில் இருக்கும். ஸ்டீமும் அத்தகைய ஒரு கிராணிதான். ஆனால் அந்தக் கிராணியின் பொறுப்பில் என்னென்ன இருக்கின்றன, நம் பொறுப்பில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதுவே இன்றைய பேச்சின் சாரம்.

மூன்று பொருள்களை நினைவில் வைத்துக்கொள்வோம். ஒன்று, கணக்கு. நாம் வாங்கிய விளையாட்டுகள் இன்னின்னவை என்ற பதிவு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நம் கணினியில் இல்லை. இரண்டு, விளையாட்டுக் கோப்புகள். இவை நம் வன்தட்டில் இருப்பவை. அளவில் மிகப் பெரியவை. மூன்று, சேமிப்புக் கோப்புகள். நாம் எந்தக் கட்டம் வரை விளையாடினோம், எதைக் கட்டினோம் என்பதைக் காட்டும் சிறிய கோப்புகள் இவை.

இந்த மூன்றில் விளையாட்டுக் கோப்புகள் போனால் கவலையில்லை. கணக்கு இருக்கும்வரை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். நேரம் மட்டுமே செலவாகும். சேமிப்புக் கோப்புகள் போனாலோ, காசு கொடுத்தாலும் கிடைக்கமாட்டா. கணக்கு பிறர் கைக்குப் போனால் எல்லாமே போகும். ஆனால் நாம் செய்வது என்ன? அளவில் பெரியதைப் பார்த்து அஞ்சுகிறோம். அளவில் சிறியதைக் குப்பை என்று எண்ணித் தள்ளிவிடுகிறோம்.

இனி, பழுது ஏற்பட்டால் எதைச் செய்வது என்று பார்ப்போம். மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. நாமும் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதற்கேள்வி: பழுது ஒரே விளையாட்டிலா, எல்லாவற்றிலுமா? வேறு ஒரு விளையாட்டைத் திறந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஒன்றில் மட்டும் என்றால் பழுது அந்த விளையாட்டின் கோப்புகளில் இருக்கக்கூடும். எல்லாவற்றிலும் என்றால் ஸ்டீமையோ இணையத்தையோ பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: பழுது நம் வீட்டிலா, அவர்களிடமா? ஸ்டீமின் கணினிகளுக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் பராமரிப்பு வேலை நடக்கும். அமெரிக்காவில் செவ்வாய் பிற்பகல் என்றால், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது புதன்கிழமை காலைப்பொழுது. அந்நேரத்தில் கடை திறக்கவில்லை, உள்ளே நுழைய முடியவில்லை என்றால், ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு வந்து பார்ப்பதே தக்க மருந்து.

மூன்றாவது கேள்வி: வன்தட்டில் இடம் இருக்கிறதா? இதை விளக்க வேண்டும். ஒரு விளையாட்டுக்கு வரும் புதுப்பிப்பு சிறியதாக இருக்கலாம். ஆனால் அது திருத்த வேண்டிய கோப்பு மிகப் பெரியதாக இருக்கும். புதிய கோப்பை முழுமையாகக் கட்டி முடித்த பிறகே பழையதை நீக்க முடியும். ஆகவே, இறங்குவது ஒரு கிகாபைட்டே ஆனாலும், வேலை நடக்க அதைப்போல் பல மடங்கு இடம் தேவைப்படலாம். பதிவிறக்கம் நின்றதுபோல் தோன்றும் நேரத்திலும் வன்தட்டு உள்ளே உழைத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டு பதறி மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். நூறு மெகாபிட் இணையம் வாங்கியிருக்கிறோம், திரையில் பன்னிரண்டுதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் கோபப்படுவதுண்டு. ஏமாற்று ஒன்றுமில்லை. இணையத்தை விற்பவர் பிட் கணக்கில் சொல்கிறார். ஸ்டீமோ பைட் கணக்கில் காட்டக்கூடும். எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அந்த வேகத்தில் 50 கிகாபைட் இறங்க ஒரு மணி நேரத்திற்கும் சற்று அதிகமாகும். இந்தக் கணக்குத் தெரிந்தால் வீண் சந்தேகம் எழாது.

கேள்விகள் முடிந்தன. இனி மருந்துகளை மென்மையானதிலிருந்து கடுமையானதற்கு வரிசையாகச் சொல்கிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலாவது, ஸ்டீமை முழுமையாக நிறுத்தித் திரும்பத் தொடங்குவது. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம்தான் மூடும். மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். இடப்பக்க மேல்மூலையில் 'ஸ்டீம்' என்பதை அழுத்தி, 'எக்ஸிட்' என்பதைத் தேர்ந்தால்தான் அது உண்மையில் நிற்கும். அதன்பின் கணினியையும் வீட்டு இணையப் பெட்டியையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்கலாம்.

இரண்டாவது, பதிவிறக்கத் தேக்கத்தைத் துடைப்பது. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டவுன்லோட்ஸ்' என்பதைத் திறந்தால் 'கிளியர் கேஷ்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஸ்டீம் மறுபடி தொடங்கும். நாமும் மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைய வேண்டும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்துவோம். நிறுவியுள்ள விளையாட்டுகளுக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. அதே பக்கத்தில் பதிவிறக்க வட்டாரத்தையும் மாற்றலாம். நம் ஊருக்கு அருகிலுள்ள கிடங்கில் நெரிசல் இருந்தால், பக்கத்து வட்டாரத்தைத் தேர்ந்து பார்ப்பது பயன் தரும்.

மூன்றாவது, கோப்புகளைச் சரிபார்ப்பது. நூலகத்தில் அந்த விளையாட்டின் பெயர்மீது வலப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்' என்று போனால், கோப்புகளின் செம்மையைச் சரிபார்க்கும் பொத்தான் ஒன்று இருக்கும். கிராணி தம் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதைப் போன்றது இது. குறைந்ததும் கெட்டதும் மட்டும் மீண்டும் இறக்கப்படும். முடிவில், ஓரிரு கோப்புகள் சரிபார்ப்பில் தேறவில்லை என்று அறிவிப்பு வந்தால் அஞ்ச வேண்டாம். சில அமைப்புக் கோப்புகள் கணினிக்குக் கணினி வேறுபடுவது இயல்பே. ஆனால் பிறர் செய்த மாற்றங்களை விளையாட்டில் சேர்த்திருப்பவர்கள், இந்தச் சரிபார்ப்பு அவற்றை அகற்றிவிடக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, கோப்புறையைப் பழுதுபார்ப்பது. வன்தட்டில் எழுத முடியவில்லை என்ற அறிவிப்பு அடிக்கடி வந்தால், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்து, அங்குள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ரிப்பேர் ஃபோல்டர்' கிடைக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் வழிமறிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால், வன்தட்டே மூப்படைந்திருக்கலாம். அந்நிலையில் பழுதுபார்ப்பதைவிடச் சேமிப்புக் கோப்புகளுக்குப் படி எடுப்பதே முதல் வேலை.

ஐந்தாவது, கடைசி மருந்து: ஸ்டீமை நீக்கித் திரும்ப நிறுவுவது. விண்டோஸ் கணினியில் ஸ்டீமை நீக்கினால், அதன் கோப்புறைக்குள் இருக்கும் விளையாட்டுகளும் சேர்ந்தே நீங்கும். ஆகவே நீக்கும் முன், 'ஸ்டீம்ஆப்ஸ்' என்ற கோப்புறையை வேறு இடத்திற்கு நகர்த்திவைக்க வேண்டும். விளையாட்டுகள் அதில்தான் இருக்கின்றன. 'யூசர்டேட்டா' என்ற கோப்புறைக்கும் படி எடுக்க வேண்டும். சில விளையாட்டுகளின் சேமிப்புகள் அதில் இருக்கும். திரும்ப நிறுவியபின் இரண்டையும் பழைய இடத்தில் வைத்தால் போதும்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 7, விண்டோஸ் 8, விண்டோஸ் 8.1 ஆகியவற்றுக்கு ஸ்டீம் அளித்துவந்த ஆதரவு 2024ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு முடிந்தது. அத்தகைய கணினியில் தொல்லை வந்தால், மேற்சொன்ன எந்த மருந்தும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

நேயர்களே, இனி எங்கள் வீட்டு இழப்புக்குக் காரணமான சேமிப்புக் கோப்புகளுக்கு வருவோம். இவை எங்கே இருக்கின்றன? இதற்கு ஒரே விடை இல்லை. சில விளையாட்டுகள் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையில் வைக்கின்றன. சில 'ஆப்டேட்டா' என்ற மறைவான கோப்புறையில் வைக்கின்றன. சில, விளையாட்டின் சொந்தக் கோப்புறையிலேயே வைக்கின்றன.

ஸ்டீமில் மேகச் சேமிப்பு என்ற ஏற்பாடு 2008ஆம் ஆண்டு முதல் உண்டு. நாம் விளையாடி முடித்ததும் சேமிப்பின் படி ஒன்று ஸ்டீமின் கணினிகளுக்குச் சென்றுவிடும். ஆனால் எல்லா விளையாட்டுகளுக்கும் இது இல்லை. விளையாட்டை உருவாக்கியவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. எங்கள் பண்ணைக்கு அது இல்லை. நாங்களோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில் 'ஸ்டீம் கிளவுட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரியும். இல்லையென்றால், மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை ஒரு விரல்வட்டில் படியெடுத்துக்கொள்வோம்.

மேகச் சேமிப்பு உள்ளவர்களும் ஓரிடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். கணினியிலுள்ள சேமிப்பும் மேகத்திலுள்ள சேமிப்பும் முரண்பட்டால், எதை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் கேட்கும். இரண்டின் தேதியும் நேரமும் திரையில் இருக்கும். படிக்காமல் அழுத்தினால், நேற்றைய வேலையின்மேல் போன மாத வேலை ஏறி உட்கார்ந்துவிடும். ஐயமிருந்தால் கணினியிலுள்ளதற்கு ஒரு படி எடுத்துவிட்டுப் பிறகு முடிவு செய்வோம்.

மூன்று பொருள்களில் மிஞ்சியிருப்பது கணக்கு. இதைத் திருடுபவர்கள் பூட்டை உடைப்பதில்லை. நம்மையே திறக்கச் செய்கிறார்கள். நண்பனின் பெயரில் ஒரு செய்தி வரும். "தவறுதலாக உன்மீது புகார் கொடுத்துவிட்டேன், இந்த அதிகாரியிடம் பேசு, இல்லாவிட்டால் உன் கணக்கை மூடிவிடுவார்கள்" என்று இருக்கும். அல்லது, எங்கள் குழுவுக்கு வாக்களி என்று ஓர் இணைப்பு வரும். அழுத்தினால் ஸ்டீமைப் போலவே ஒரு பக்கம் தோன்றும். கடவுச்சொல்லைக் கொடுத்தால் கணக்கு போயிற்று. ஸ்டீம் ஊழியர் எவரும் நம் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை என்பதைப் பிள்ளைகளின் மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

ஸ்டீம் கார்டு என்ற காவல் ஏற்பாடு 2011ஆம் ஆண்டில் வந்தது. புதிய கணினியிலிருந்து யாராவது நுழைய முயன்றால், மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ வரும் குறியீடும் தேவைப்படும். கைப்பேசியில் இதை அமைக்கும்போது 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்று தரப்படும். அதைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் இடத்தில் வைப்போம். கைப்பேசியிலேயே வைத்தால், கைப்பேசி தொலையும் நாளில் சாவியும் பூட்டும் ஒன்றாகத் தொலைந்துவிடும்.

பெற்றோருக்குச் சில சொற்கள். 13 வயது நிரம்பாதவர்கள் ஸ்டீமில் கணக்குத் தொடங்கக் கூடாது என்பது அதன் விதி. வாங்குவது விளையாட்டின் உரிமையை அன்று, பயன்படுத்தும் இசைவை மட்டுமே. 2024ஆம் ஆண்டிலிருந்து இதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறார்கள். வாங்கியது பிடிக்கவில்லையா? வாங்கிய 14 நாள்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த ஏற்பாடு 2015 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே, புதிய விளையாட்டு நம் கணினியில் சரியாக ஓடுகிறதா என்பதை அந்த முதல் இரண்டு மணி நேரத்திற்குள் பார்த்துவிடுவது நம் வெள்ளிக்கு நல்லது.

2024ஆம் ஆண்டில் வந்த குடும்ப ஏற்பாட்டில் ஆறு பேர் வரை சேர்ந்து ஒருவர் நூலகத்தை மற்றவர் பயன்படுத்தலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சேமிப்பு உண்டு. பிள்ளைகள் விளையாடும் நேரத்திற்குப் பெற்றோர் வரம்பு வைக்கலாம். ஆனால், நம் விளையாட்டில் ஒரு பிள்ளை குறுக்கு வழியில் ஏமாற்றிப் பிடிபட்டால், அந்த விளையாட்டில் நமக்கும் தடை வரக்கூடும். ஆகவே யாரைச் சேர்க்கிறோம் என்பதில் கவனம் தேவை.

நேயர்களே, சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்வோம். பழுது எங்கே என்று முதலில் கேட்போம். மென்மையான மருந்திலிருந்து தொடங்குவோம். எதையும் அழிக்கும் முன், இது திரும்பக் கிடைக்குமா என்று ஒரு கேள்வி கேட்போம். கிடைக்கும் என்றால் அழிப்போம். கிடைக்காது என்றால் முதலில் படி எடுப்போம்.

எங்கள் வீட்டில் அக்காளும் தம்பியும் மறுபடியும் ஒரு பண்ணையைத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது ஆளுக்கொரு கணினியில், இரண்டு நாட்டில் இருந்துகொண்டு, இணையத்தின் வழி சேர்ந்து விளையாடுகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் கணினியிலுள்ள சேமிப்புக் கோப்புறையை விரல்வட்டில் படியெடுத்து, என் மேசை இழுப்பறையில் என்று சொல்லி, எங்களிடம் தருகிறான். பழைய கிராமம் வரவில்லைதான். ஆனால், ஒரு சிறிய கோப்பு எவ்வளவு பெரியது என்பதை அவன் எங்களுக்குமுன் கற்றுக்கொண்டுவிட்டான்.